எண்ணெய் கம்பெனி ஊரில் ஜெயித்த சாதாரண மக்கள்: ரிச்மண்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை பார்த்துச் சாப்பிடுகிறவர்களின் பக்கம் நிற்கும் ஆட்களைப் பெரிய பணம் இல்லாமல் தேர்தலில் ஜெயிக்க வைக்க முடியுமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் ரிச்மண்டைத்தான் சொல்வேன். சொன்னதும் வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ரிச்மண்ட் எங்கே இருக்கிறது? அந்த ஊரை ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?

கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 1,15,000. வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரும் ரிச்மண்ட்தான். நான் சொல்வது அது இல்லை.

அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்த பிறகுதான் ஊரே நகராட்சியானது, 1905-ல். அந்த ஆலை இன்று செவ்ரான் கம்பெனியுடையது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிருந்த கைசர் கப்பல் கட்டும் தளங்களில் 747 கப்பல்கள் கட்டப்பட்டன. தெற்கு மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வேலை தேடி வந்து குடியேறின. சில வருடங்களிலேயே மக்கள்தொகை நான்கு மடங்குக்கு மேல் ஏறியது. போர் முடிந்ததும் தளங்களை மூடிவிட்டார்கள், ஆலை தொடர்ந்து ஓடியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் நகர மன்றத்தில் யார் உட்காருவது என்பதில் கம்பெனியின் கைதான் ஓங்கியிருந்தது.

அமெரிக்காவில் பெரிய நகரங்களில் நடந்த வெற்றிகள் உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் இருபது வருடங்களாக ஒரே ஊரில், ஒரே எதிரியை எதிர்த்து, ஜெயித்தும் தோற்றும் நிற்கிற ஓர் அமைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் ரிச்மண்டுக்குத்தான் போக வேண்டும்.

யார் தொடங்கினார்கள்? அது ஒரு கட்சியா?

பெயர் ரிச்மண்ட் புரோக்ரஸிவ் அலையன்ஸ், அதாவது ரிச்மண்ட் முற்போக்குக் கூட்டணி. 2003, 2004 வாக்கில் தொடங்கினார்கள். பதிவு செய்த கட்சி கிடையாது. பசுமைக் கட்சிக்காரர்கள், டெமாக்ரடிக் கட்சிக்காரர்கள், எந்தக் கட்சியும் வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கலிஃபோர்னியாவில் உள்ளாட்சித் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் வராது. அதனால் இது சாத்தியமானது. தேசிய அரசியலில் யாருக்கு ஓட்டு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள், ஊர் விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள்.

2004-ல் கேல் மெக்லாஃப்லின் என்பவரை நகர மன்றத்துக்கு அனுப்பினார்கள். பசுமைக் கட்சிக்காரர். இரண்டே வருடத்தில், 2006-ல், பதவியிலிருந்த மேயரை எதிர்த்து நின்றார். 250-க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். லட்சம் பேருக்கு மேல் வாழும் ஓர் அமெரிக்க நகரத்தில் பசுமைக் கட்சி ஆள் மேயரானது அதுதான் முதல் முறை.

வேட்பாளர்கள் எப்படிப்பட்டவர்கள்?

எட்வர்டோ மார்ட்டினெஸ் பல வருடம் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜோவங்கா பெக்கல்ஸ் பனாமாவில் பிறந்தவர். குழந்தைகளுக்கான மனநலப் பணியாளர், தொழிற்சங்க உறுப்பினர். மெல்வின் வில்லிஸ் குடியிருப்பவர்களைத் திரட்டும் வேலை செய்துகொண்டிருந்த இளைஞர். இருபதுகளில் இருக்கும்போதே கவுன்சிலரானார். மைக் பார்க்கர் கார் ஆலையில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். இவர்களில் யாரும் அரசியலையே தொழிலாகக் கொண்டு வந்தவர்கள் இல்லை.

கம்பெனிப் பணம் வாங்க மாட்டோம் என்கிறார்கள். சரி, செலவுக்கு என்ன செய்கிறார்கள்?

இந்த அமைப்பின் ஆதரவோடு நிற்க வேண்டுமென்றால் எந்தக் கார்ப்பரேட் நன்கொடையையும் தொடக்கூடாது. இந்த விதியில் மட்டும் இவர்கள் விட்டுக்கொடுத்ததில்லை. உறுப்பினர் சந்தா, சின்னச் சின்ன நன்கொடை, இவற்றில்தான் ஓடுகிறது. அப்புறம், பணத்துக்குப் பதிலாக ஆள் பலம்.

இது நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ளும் விதி என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆலை மீது வரி போடலாமா என்று நகர மன்றத்தில் கை தூக்கும் நாளில், அந்த ஆலையிடம் வாங்கியவர் கை எழாது. விதி அந்த ஒரு நாளுக்காக இருக்கிறது.

2012-ல் நடந்த தீ விபத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்களே?

ஆகஸ்ட் 6, 2012. ஆலையில் அரித்துப்போன ஒரு குழாயில் கசிவு. அதை மாற்றாமல் ஓட்டிக்கொண்டே சரி செய்யப் பார்த்தார்கள். ஆவி மேகம் 19 தொழிலாளர்களைச் சூழ்ந்தது. 18 பேர் தீப்பிடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டார்கள், தீயணைப்பு வண்டிக்குள் இருந்த ஒருவர் தீக்கு நடுவிலிருந்து தப்பினார். எல்லோரும் பிழைத்தது பெரிய விஷயம். கரும்புகை ஊர் மேல் படர்ந்தது. அடுத்த நாட்களில் சுமார் 15,000 பேர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கண் எரிச்சல் என்று மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 2013-ல் நகராட்சி கம்பெனி மீது வழக்குப் போட்டது.

தீ விபத்து நடந்து மூன்று மாதத்தில் தேர்தல். மக்கள் கோபம் அப்படியே ஓட்டாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அமைப்பின் வேட்பாளர்கள் தோற்றார்கள். செவ்ரான் அந்தத் தேர்தலில் பத்து லட்சம் டாலருக்கு மேல் இறக்கியிருந்தது. அதே நாளில், சர்க்கரை பானங்களுக்கு வரி போடும் யோசனையையும் குளிர்பானக் கம்பெனிகள் பெரும் பணம் செலவழித்துத் தோற்கடித்தன. கோபம் தானாக ஓட்டாக மாறாது என்று நான் சொல்வதற்கு இந்த 2012 தேர்தல்தான் காரணம். கோபப்பட்டவரின் வீட்டுக் கதவை யாராவது போய்த் தட்ட வேண்டும்.

அப்படியானால் 2014-ல் எப்படி ஜெயித்தார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

2014-ல் செவ்ரான் சுமார் 30 லட்சம் டாலர் செலவு செய்தது. ஒரு நகர மன்றத் தேர்தலுக்கு! ஊரில் அப்போதிருந்த ஜனங்களுக்கு, குழந்தைகள் உட்பட, தலைக்கு ஏறக்குறைய 28 டாலர். வேட்பாளர் கையில் நேரடியாகக் கொடுக்க முடியாது. ரிச்மண்டில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 2,500 டாலருக்கு மேல் தரக்கூடாது. ஆனால் வேட்பாளரோடு சேராமல் 'தனியாக' எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்பதை 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் கம்பெனிகளுக்கு உறுதி செய்திருந்தது. கம்பெனி அந்த வழியில் வந்தது.

அந்தப் பணம் வாக்காளர் கைக்குப் போனதா என்று நம்மவர்கள் கேட்பார்கள். இல்லை. சாலையோர ராட்சத விளம்பரப் பலகைகள், டிவி விளம்பரம், தபால்பெட்டி நிறையப் பளபளப்பான அட்டைகள். போதாததற்கு ஊர்ச் செய்திகள் சொல்ல என்று கம்பெனியே ஓர் இணையத்தளத்தையும் அந்த வருடம் தொடங்கியிருந்தது.

இந்தப் பக்கம் என்ன நடந்தது? மேயர் பதவிக்கு அலையன்ஸ் நிறுத்தியிருந்தவர் மைக் பார்க்கர். டாம் பட் என்ற கவுன்சிலரும் களத்தில் இறங்கினார். அவர் அலையன்ஸ்காரர் இல்லை. பல விஷயங்களில் மிதவாதி, ஆனால் கம்பெனிக்குப் பணிகிறவர் இல்லை. ரிச்மண்டில் அப்போது இரண்டாம் சுற்று கிடையாது. அதிக ஓட்டு வாங்கியவர் மேயர். இருவரும் நின்றால் ஓட்டுப் பிரிந்து செவ்ரான் ஆதரித்த ஆள் வந்துவிடுவார். பார்க்கர் விலகிக்கொண்டார். மாதக்கணக்கில் தெருத்தெருவாக அலைந்த ஒருவர், சொந்தப் பெயரை எடுத்துவிட்டு அடுத்தவருக்கு வேலை பார்த்தார். இந்த அமைப்பின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான்.

மெக்லாஃப்லின், மார்ட்டினெஸ், பெக்கல்ஸ் மூவரும் 'டீம் ரிச்மண்ட்' என்று ஒரே நோட்டீஸில், ஒரே பேச்சோடு கவுன்சிலர் பதவிக்கு நின்றார்கள். மூவரும் ஜெயித்தார்கள். டாம் பட் மேயரானார். அவர் பிரச்சாரத்துக்குச் செலவழித்தது செவ்ரான் போட்டதில் மிகச் சிறு பங்கு. கம்பெனி ஆதரித்த ஒருவரும் தேறவில்லை.

வீடு வீடாகப் போய் என்னதான் பேசுகிறார்கள்?

முதலில் கேட்கிறார்கள். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

நடைமுறையைச் சொல்கிறேன், ரிச்மண்டுக்கு மட்டுமில்லை, அமெரிக்கா முழுக்க ஏறக்குறைய இப்படித்தான். தன்னார்வலருக்கு ஒரு தெருவின் வாக்காளர் பட்டியல் கிடைக்கும். பெயர், வயது, கடந்த தேர்தல்களில் ஓட்டுப் போட்டாரா என்ற தகவல் அதில் இருக்கும். யாருக்குப் போட்டார் என்பது இருக்காது. கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி, இந்தத் தெருவில் உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்பார். வாடகை ஏறிவிட்டது என்பார் ஒருவர். பையனுக்கு ஆஸ்துமா என்பார் இன்னொருவர். அதைக் குறித்துக்கொண்டு, வேட்பாளர் அதற்கு என்ன செய்யப்போகிறார் என்று இரண்டு வாக்கியம். கடைசியில், எங்களுக்கு ஓட்டுப் போடுவீர்களா என்று நேராகக் கேட்க வேண்டும். கூச்சப்பட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பதிலைப் பொறுத்து 1 முதல் 5 வரை ஓர் எண் போடுவார்கள்: 1 என்றால் உறுதி, 5 என்றால் எதிர்ப்பக்கம்.

கலிஃபோர்னியாவில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும், தேர்தலுக்கு நாலு வாரம் முன்னால். நிரப்பி அனுப்பியவர்களின் பெயர்ப் பட்டியல் தேர்தல் அலுவலகத்திலிருந்து கிடைக்கும். அதை வைத்து, அனுப்பியவர்களின் பெயரைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, இன்னும் அனுப்பாத 1, 2 எண்காரர்களை மறுபடி போய்ப் பார்ப்பார்கள். 5-ஐ மாற்ற முயன்று நேரத்தை வீணாக்க மாட்டார்கள்.

ஆங்கிலம் தெரியாதவர்களை எப்படிச் சேர்த்தார்கள்?

ரிச்மண்டில் லத்தீனோ மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களும் ஏராளம். 1999-ல் ஆலையில் ஒரு வெடிவிபத்து நடந்தபோது, ஜன்னலை மூடி வீட்டுக்குள் இருங்கள் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தது. லாவோஸ் குடும்பங்களில் பலருக்கு அது புரியவில்லை. அந்த மக்களைத் திரட்டிவந்த ஆசிய பசிபிக் சுற்றுச்சூழல் வலையமைப்பு, எச்சரிக்கைத் தொலைபேசி அழைப்பு எங்கள் மொழியிலும் வர வேண்டும் என்று போராடி ஜெயித்தது.

அந்தக் கோரிக்கையில் எந்தக் கொள்கை விளக்கமும் இல்லை. தன் மொழியில் ஒரு போன் அழைப்பு, அவ்வளவுதான். ஆனால் இப்படி ஒன்றை ஜெயித்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கும் வருவார்கள். இந்த அமைப்புகள் அலையன்ஸுக்கு வெளியே, தனித்தனியாக இயங்குகின்றன. தேர்தல் வேலையை மட்டும் அலையன்ஸ் பார்க்கிறது. அதற்கு அடியில் மண்ணைப் பண்படுத்தியது இவர்கள்.

தொழிற்சங்கங்கள் எல்லாம் இவர்கள் பக்கம்தானே?

இல்லை. செவிலியர் சங்கமும் பொதுத்துறை ஊழியர் சங்கமும் பெரும்பாலும் ஆதரவு. கட்டுமானத் தொழிற்சங்கங்கள் பல நேரம் செவ்ரான் பக்கம். ஆலையில் விரிவாக்கம் நடந்தால்தான் அவர்களுக்கு வேலை. அவர்களைத் துரோகிகள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேலை போய்விடும் என்ற பயம் நியாயமான பயம். அதற்குப் பதில் சொல்ல முடியாத முற்போக்கு அரசியல் பாதியில் நின்றுவிடும்.

2022 மார்ச்சில் ஆலையின் 500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி இரண்டு மாதத்துக்கு மேல் வெளியே நின்றார்கள். சம்பளத்தோடு சேர்த்துப் பாதுகாப்பும் ஆள் பற்றாக்குறையும் அவர்களின் பிரச்சினைகள். ஆலைக்குள் களைத்துப்போன ஆட்கள் வேலை பார்த்தால் வேலிக்கு வெளியே இருக்கும் ஊருக்கும் ஆபத்து. இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைப் பேசிய நேரம் அது.

ஒரே ஒரு நல்ல ஆளை அனுப்பினால் போதாதா?

சில நேரம் ஒருவராலும் பெரிய காரியம் ஆகும். சியாட்டிலில் 2013-ல் ஜெயித்த க்ஷமா சாவந்த் நல்ல உதாரணம். புனேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், பொருளாதார ஆசிரியை, வெளிப்படையான சோஷலிஸ்ட். 16 வருடமாகப் பதவியில் இருந்தவரைத் தோற்கடித்தார். மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்பதுதான் அவருடைய முக்கியக் கோரிக்கை. 2014 ஜூனில் சியாட்டில் மன்றம் ஒருமனதாக அதை நிறைவேற்றியது. அவர் ஒருவர்தான் உள்ளே. ஆனால் வெளியே வேலைநிறுத்தம் செய்த துரித உணவகத் தொழிலாளர்களும், பக்கத்து ஊரான சீடாக்கில் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 15 டாலர் வெற்றியும் இருந்தன.

ஆனால் பட்ஜெட், வாடகை, வரி என்று வந்தால் கைகளை எண்ண வேண்டும். ரிச்மண்டில் மேயரோடு சேர்த்து ஏழு பேர். 2013-ல், வீட்டுக்கடனில் மூழ்கியவர்களின் அடமானத்தை நகராட்சியே கட்டாயமாகக் கையகப்படுத்திக் கடனைக் குறைக்கலாம் என்று ஒரு துணிச்சலான திட்டம் போட்டார்கள். வங்கிகள் நீதிமன்றம் போயின. கையகப்படுத்த ஐந்து ஓட்டு வேண்டும், அது சேரவில்லை. திட்டம் காகிதத்திலேயே நின்றது.

ஜெயித்து என்ன கிடைத்தது?

வாடகை விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 2015-ல் மன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டது. வீட்டு உரிமையாளர்களின் அமைப்பு கையெழுத்து வாங்கி அதை நிறுத்தி வைத்தது. சரி என்று இவர்களும் தெருவில் இறங்கிக் கையெழுத்து வாங்கி, அதையே 2016 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்கள் ஆதரித்தார்கள். காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது என்பதும் அதோடு சட்டமானது. வாடகையை 2015 ஜூலை அளவுக்குத் திருப்பினார்கள். 1995-க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கும் தனி வீடுகளுக்கும் வாடகைக் கட்டுப்பாடு செல்லாது, மாநிலச் சட்டம் தடுக்கிறது. இருந்தாலும் பழைய அடுக்குமாடிகளில் இருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்க முடிந்தது.

குறைந்தபட்சக் கூலியையும் மாநில அளவைவிட அதிகமாக உயர்த்தினார்கள். அப்புறம் வரி.

செவ்ரான் தர ஒப்புக்கொண்ட 55 கோடி டாலர் கதை என்ன?

2008-ல் ஆலை மீது வரி போட மக்கள் வாக்களித்தார்கள். நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2010-ல் பேச்சுவார்த்தையில் கம்பெனி 15 வருடத்தில் 11.4 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தக் கெடு நெருங்கியபோது, 2024-ல், சுத்திகரிக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒரு டாலர் வரி என்ற யோசனையை நவம்பர் வாக்கெடுப்புக்கு அனுப்ப மன்றம் முடிவெடுத்தது. ஆலையைச் சுற்றி வாழும் மக்களைத் திரட்டும் அமைப்புகள் இதற்காக வேலை பார்த்தன. தோற்றுவிடுவோம் என்று பட்டதும் கம்பெனி பேச வந்தது. ஆகஸ்டில் ஒப்பந்தம்: பத்து வருடத்துக்கு 55 கோடி டாலர். முதல் ஐந்து வருடம் வருடத்துக்கு 5 கோடி, அடுத்த ஐந்து வருடம் 6 கோடி.

வரியை வாக்கெடுப்புக்கே விட்டிருக்கலாம், இன்னும் அதிகம் கிடைத்திருக்கும் என்ற விமர்சனம் அப்போதே வந்தது. பழைய வரி நீதிமன்றத்தில் போன கதையை நினைத்தால், கையெழுத்துப் போட்டவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

ஜெயித்தவர் மாறிவிட்டால்?

மாறுவார்கள். டாம் பட்டையே பாருங்கள்: 2014-ல் ஒரே அணி, 2016-ல் வாடகைக் கட்டுப்பாட்டை எதிர்த்தார். அவர் அலையன்ஸ் உறுப்பினர் இல்லை, அதனால் கேட்கவும் முடியாது. உறுப்பினராக இருந்து ஜெயித்தவரை அமைப்பின் கூட்டத்துக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். தேர்தல் முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போகிற பிரச்சாரக் குழுவுக்கும் இவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. அமைப்பின் நிர்வாகமும் மாற வேண்டியிருந்தது. தொடக்கத்தில் வயதான வெள்ளையர்களே அதிகம். ஊரின் முகம் அது இல்லை. பிறகு இளைஞர்களும் கறுப்பின, லத்தீனோ உறுப்பினர்களும் முன்னுக்கு வந்தார்கள். 2022-ல் மார்ட்டினெஸ் மேயரானார்.

மாதத்தில் இரண்டு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். அதனால் பயன் உண்டா?

உண்டு. 2022-ல் ரிச்மண்டின் இரண்டாம் வார்டில் இரண்டு வேட்பாளர்கள் ஆளுக்கு 1,921 ஓட்டு வாங்கினார்கள். கடைசியில் ஒரு பையில் கைவிட்டுப் பெயரை எடுத்துத்தான் கவுன்சிலரை முடிவு செய்தார்கள். இரண்டு மணி நேரத்தில் இருபது கதவுக்கு மேல் தட்டலாம்.

ஆலை ஒரு நாள் மூடிவிட்டால் ஊர் என்ன ஆகும்?

கலிஃபோர்னியாவில் இது கற்பனை இல்லை. பக்கத்திலிருக்கும் பெனீஷியா ஊரின் ஆலையை நிறுத்தப்போவதாக வலேரோ கம்பெனி 2025 ஏப்ரலில் அறிவித்தது. ரிச்மண்டிலும் அந்த நாள் வந்தால் ஆலைத் தொழிலாளர்களின் ஓய்வூதியம், மறுவேலை, நூற்றாண்டுக்கு மேல் எண்ணெய் ஊறிய மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு, காணாமல் போகும் வரி வருமானம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அந்த 55 கோடியில் எவ்வளவை இன்றைய சாலைக்கும் நூலகத்துக்கும் செலவழிப்பது, எவ்வளவை அந்த நாளுக்காக ஒதுக்குவது என்பதுதான் இனி ரிச்மண்டில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கதவைத் திறக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி. கட்டுமானத் தொழிற்சங்கத்துக்காரர் வீட்டிலும் அதற்கு ஒரே பதிலைச் சொல்ல முடிகிறவருக்கே என் ஆதரவு.